கிள்ளி தூங்க விடமாட்டாள்

வாடகைக் கார் மருந்துக்கடை வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்று. கடைச் சொந்தக்காரரான கம்பவுண்டர் ஒரு கையால் ஷட்டரைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்டியை வாங்கினார்.

"வாங்க, வாங்க. சத்தம் போடாம மேல வாங்க. அத்தை படுத்துட்டா."

காரில் வந்த இரண்டு பெண்களுக்கும் அவர் மாமா, அம்மாவின் அண்ணன். அம்மாவும் அப்பாவும் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி, ஒரு நொடி, அவ்வளவுதான். அதன் பிறகு யார் யாரோ பேசி, யார் யாரோ கையெழுத்துப் போட்டு, இரண்டு பெண்களையும் மாமா பொறுப்பில் விட்டார்கள். மூத்தவளுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள். தங்கைக்கு ஐந்து. பிறந்த அன்று துணிக்குள் உருண்டு கிடந்ததைப் பார்த்து அப்பா வைத்த பெயர் பட்டாணி. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள்.

கீழே கடை, மேலே வீடு. ஸ்பிரிட்டும் ஆரஞ்சு எசன்ஸும் ஈரமான அட்டைப்பெட்டியும் சேர்ந்த வாசனை மரப்படிகளில் ஏறி எல்லா அறைகளிலும் உட்கார்ந்திருந்தது. ஜன்னல்களில் பலகைச் சட்டங்கள். அவற்றின் இடுக்கு வழியாக மதிய வெயில் கோடு கோடாகச் சுவரில் விழுந்தது.

அத்தைக்கு ஒற்றைத் தலைவலி. ஒன்றிலிருந்து நான்கு வரை அந்த வீட்டில் ஒரு ஸ்பூன்கூடக் கீழே விழக் கூடாது. சொட்டும் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயின் வாயில் துணி கட்டியிருந்தார்கள்.

"இந்தக் கட்டில்ல ரெண்டு பேரும் படுத்துக்கங்க" என்று அத்தை எழுந்து வந்து நெற்றியைப் பிடித்தபடி அறையைக் காட்டினாள். "என் அக்கா மக படுத்திருந்தது. அதுவும் உங்கள மாதிரி அப்பா அம்மா இல்லாதது. போன வருஷம் காய்ச்சல்ல போயிடுச்சு. பயப்படாதீங்க, மெத்தை புதுசு."

பட்டாணி மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். "கட்டில் பழசா?" என்று கேட்டாள்.

அத்தை சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பட்டாணி காலையெல்லாம் சமர்த்தாக இருப்பாள். மதியம்தான் அழுவாள். மதியம் அம்மா பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டிக்கொடுக்கும் நேரம். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் அழுதபோது மாமா ஒரு மருந்து பாட்டிலோடு வந்தார்.

"சளி மருந்து. வாயத் திற."

"அவளுக்குச் சளி இல்லையே மாமா" என்றாள் பெரியவள்.

"வந்தப்புறம் குடுத்தா அது மருந்து. வர்றதுக்கு முன்னாடி குடுத்தா அதுதான் வைத்தியம்." தன் நகைச்சுவைக்குத் தானே சத்தமில்லாமல் சிரித்தார்.

ஆரஞ்சு நிறத்தில் இனிப்பாக இருந்தது. அரைமணி நேரத்தில் பட்டாணியின் கைகால்கள் துவண்டன. வாய் லேசாகத் திறந்துகொண்டது. மூச்சு நீளமாக, இடைவெளி விட்டு விட்டு வந்தது. வீடு அமைதியானது.

எல்லா மருந்தும் அட்டைக்குள் அடைத்து வரும் காலத்திலும் மாமா சில மருந்துகளைத் தானே கலந்தார். அந்தப் பாட்டில்களில் வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். காகிதத்தை மடித்து ஓரத்தில் வெட்டினால், பிரிக்கும்போது சம தூரத்தில் பல் பல்லாக வெட்டுகள் வரும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு வேளைக்கான மருந்து. பாட்டில் கழுவுவதும் பட்டை வெட்டுவதும் சீக்கிரமே பெரியவளின் வேலையாயின.

"உன் கை நேரா வெட்டுது. என் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு" என்று மாமா பாராட்டினார். அவர் வெட்டிய பட்டைகள் கோணலாகத்தான் இருந்தன.

ஐந்தாம் நாள் மதியம் கட்டில் அசைந்தது.

பெரியவள் தரையில் உட்கார்ந்து பட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் பட்டாணி மட்டும், மருந்து குடித்த தூக்கத்தில். ஸ்பிரிங் ஒருமுறை கிரீச்சிட்டது. யாரோ கட்டில் விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் வரும் சத்தம்.

நிமிர்ந்து பார்த்தாள். பட்டாணி புரளவில்லை.

தங்கையின் தலைமாட்டில் மெத்தை சற்றே அமுங்கியிருந்தது.

சுவரில் வெயில் கோடுகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அறுந்து போயிருந்தன. அறுந்த இடம் ஒரு சின்ன உருவத்தின் உயரம் இருந்தது.

பட்டாணி திடீரென்று வீறிட்டு எழுந்தாள். பக்கத்து அறையில் அத்தை சுவரைத் தட்டினாள். பெரியவள் தங்கையின் வாயைப் பொத்திக் கட்டிக்கொண்டாள். குழந்தையின் முழங்கையில் சிவப்பாக இரண்டு நகத்தடம்.

"அவ கிள்றாக்கா."

"யாரு?"

"கிள்ளி." பட்டாணிக்கு எதற்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். "தூங்காத, தூங்காதன்னு கிள்றா. வாயில ஆரஞ்சு மிட்டாய் வாசனை அவளுக்கு."

மறுநாளும் அதே நேரத்துக்கு ஸ்பிரிங் சத்தம். அதற்கடுத்த நாளும். சில நாள் படிகளில் வெறுங்கால் ஓசை முதலில் கேட்கும். குழந்தைக் கால், குதிகாலை ஊன்றாமல் ஏறி வரும். ஆரஞ்சு எசன்ஸ் வாசனை அறைக்குள் கெட்டியாகும். பிறகு கட்டில் குலுங்கும். பட்டாணி பாதித் தூக்கத்தில் அழுவாள். மாமா மாடியேறி வருவார்.

"என்ன இது, ஒரு வேளை பத்தலையே" என்றார் ஒரு நாள், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து.

அன்று முதல் இரண்டு வெட்டு.

பட்டாணி காலையிலும் தூங்கி வழிய ஆரம்பித்தாள். சோற்றை வாயில் வைத்துக்கொண்டே தலை தொங்கும். விரலை எண்ணச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுவாள். அது சளி மருந்து இல்லை என்று பெரியவளுக்குப் புரிந்துவிட்டது.

சொல்ல ஓர் ஆள் இருந்தார். மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க வரும் அதிகாரி அம்மா. ஆனால் அவர் வருவதற்கு முந்தின நாள் மாமா பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பத்து வயசுக்கு மேல ஒரு விடுதி. அதுக்குக் கீழ ஒரு விடுதி. ரெண்டும் ரெண்டு ஊர்ல. நான் சொல்லல, சட்டம் சொல்லுது. இங்க பிடிக்கலன்னா தாராளமா சொல்லு. நாங்க என்ன, கட்டியா போட்டிருக்கோம்?"

அதிகாரி வந்தபோது அத்தை பட்டாணியை மடியில் வைத்துத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அன்று மருந்து கிடையாது, தலைவலியும் கிடையாது. அதிகாரி பெரியவளை மட்டும் படிக்கட்டுக்குக் கூட்டிப் போய்க் கேட்டார்.

"எதாவது சொல்லணுமாம்மா?"

சொல்ல வாயெடுத்தாள். மேலே பட்டாணி எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேறு ஊரில், வேறு சுவர்களுக்குள் கேட்பதை நினைத்தாள்.

"நல்லா இருக்கோம் மேடம்."

சொல்வதற்குப் பதிலாகத் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டில் கழுவுவது அவள்தானே. காலையில் யாரும் பார்க்காதபோது மருந்தில் பாதியைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்தாள். பாதி மருந்து, இரண்டு வெட்டு. கணக்குப் பார்த்தால் பழைய ஒரு வேளைதான். கணக்கில் அவள் எப்போதும் முதல்.

ஒரு வாரம் நன்றாக இருந்தது. பட்டாணி ஐந்து வரை எண்ணினாள். ஆனால் மதியம் இன்னும் சீக்கிரமாக விழித்தாள், இன்னும் சத்தமாக அழுதாள். அத்தை ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்று மாமாவிடம் சீறினாள்.

"பொண்ணா இது, கடை சைரனா? உங்க தங்கச்சி பெத்துப் போட்டுப் போயிட்டா, எனக்கில்ல மண்டை வெடிக்குது!"

மாமா நான்கு வெட்டு ஆக்கினார். பெரியவள் இன்னும் தண்ணீர் சேர்த்தாள். நான்கு வெட்டில் ஒரு வெட்டு மருந்து, மூன்று வெட்டு தண்ணீர். நிறம் வெளுக்காமலிருக்க எசன்ஸில் நாலு சொட்டு.

கணக்கு சரியாகத்தான் வந்தது. ஒத்துவராதது கிள்ளி மட்டும்தான்.

அவள் நாளுக்கு நாள் முரடானாள். பட்டாணியின் கையெல்லாம் நகத்தடம். கண்ணுக்குக் கீழே கருவளையம். பெரியவள் தனக்குள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தச் சனியன் தொலைந்தால் பட்டாணி அழமாட்டாள். அழாவிட்டால் மாமா அளவைக் குறைப்பார். குறைத்தால் இரண்டு பேரும் பள்ளி திறக்கும் வரை எப்படியாவது ஓட்டிவிடலாம்.

அன்று மாமா அவளைப் பார்சல் அனுப்ப அஞ்சலகத்துக்கு அனுப்பினார். நீண்ட வரிசை. திரும்பி வந்தபோது ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கக் கதவு வழியாகப் படியேறினாள்.

பாதிப் படியிலேயே சத்தம் கேட்டது.

கட்டில் குலுங்கவில்லை, குதித்தது. இரும்புக் கால்கள் தரையில் டக் டக்கென்று மோதின. ஆரஞ்சு வாசனை மூச்சை அடைத்தது. பட்டாணி மல்லாந்து கிடந்தாள். அவள் தோள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் போடப்பட்டது. கன்னத்தில் யாரோ அறைவது போலத் தலை திரும்பியது. ஆனாலும் கண் திறக்கவில்லை.

பயத்தைவிட ஆத்திரம் முந்தியது. பெரியவள் ஓடிப்போய்த் தங்கையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். முதுகில் சின்னக் கைகள் படபடவென்று அடித்தன. ஐஸ் மாதிரி இருந்தன.

"போடி!" என்றாள். கத்தமுடியாது, கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். "உனக்கு என்னடி வேணும்? செத்துப்போனவதானே நீ? அவளையும் கூட்டிட்டுப் போகணுமா? அவளுக்கு நான் இருக்கேன். உனக்கு யாரும் இல்லன்னா அதுக்கு இவ என்ன பண்ணுவா? போ. அவளத் தூங்க விடு."

கைகள் நின்றன.

கட்டில் நின்றது.

அறுந்த வெயில் கோடுகள் சுவரில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு மெத்தை மெல்ல மேலே எழும்பியது. வெறுங்கால்கள் கதவு வரை போயின. அங்கே நின்றன. திட்டு வாங்கிய குழந்தை, கூப்பிடமாட்டார்களா என்று நிற்பது போல நின்றன.

பெரியவள் கூப்பிடவில்லை.

கால்கள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போயின.

பட்டாணி அசையாமல் தூங்கினாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. அம்மா செய்வது போலத் தங்கையின் பக்கத்தில் படுத்து, முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தட்டினாள். நாற்பது நாளில் முதன்முறையாக அவளுக்கும் தூக்கம் வந்தது.

நான்கு மணிக்கு ஷட்டர் ஏறும் சத்தத்தில் விழித்தாள்.

பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பட்டாணி, மணி நாலாச்சு."

கை குளிர்ந்திருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. மூச்சு வருகிறதா என்று காதை வைத்தாள். வந்தது. ஒன்று. அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருந்தாள்.

அப்போதுதான் அலமாரியில் பாட்டிலைப் பார்த்தாள். கழுத்து வரை நிரம்பிய புதுப் பாட்டிலிலிருந்து நான்கு வெட்டு குறைந்திருந்தது. பட்டை கோணலாக இருந்தது. அவள் வெட்டியதில்லை. மாமா வெட்டியது.

இதில் தண்ணீர் இல்லை.

அவள் தங்கையைத் தூக்கி உட்காரவைத்தாள். தலை பின்னால் சாய்ந்தது. உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். கையில் கிள்ளினாள், ஏற்கெனவே இருந்த நகத்தடங்களின் மேலேயே கிள்ளினாள். அந்த வீட்டில் முதன்முறையாக வாய்விட்டுக் கத்தினாள்.

"கிள்ளி! வாடி! வந்து எழுப்புடி! நான் தெரியாம சொல்லிட்டேன், வாடி!"

படியில் கால் சத்தம் கேட்டது. தடதடவென்று ஏறி வந்தது.

மாமாதான்.

மருத்துவமனையில் மருத்துவர்கள் ஒன்றரை மணி நேரம் போராடினார்கள். பிறகு ஒரு நர்ஸ் வெளியே வந்து, பெரியவளுக்கு முன்னால் மண்டியிட்டு, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.  

அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, "இதயம் பலவீனம்னு நெனைக்கிறேன், அவங்க அம்மா வழியில அப்படித்தான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அழுதாள். மாமா பெரியவளைத் தாழ்வாரத்தின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர் குரல் அப்போதும் கடையில் பேசும் குரலாகத்தான் இருந்தது.

"பழைய பாட்டில் ருசி பாத்தேன். வெறும் தண்ணி. யாரு கலந்தது?"

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் ஒரு வேளையில ஆரம்பிச்சேன். கேக்கலன்னுதானே கூட்டினேன்? ஏன் கேக்கல? நீ தண்ணி கலந்தே. இப்ப அதிகாரி வருவாங்க. சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லு. யார் கொன்னதுன்னு அவங்க கணக்குப் போடட்டும்." அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "இல்லன்னா இதயம் பலவீனம். உனக்கும் நல்லது."

அதிகாரி வந்தார். நனைந்த குடையை மடிக்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதாவது சொல்லணுமாம்மா?"

போன மாதம் கேட்ட அதே கேள்வி. இந்த முறை மாடியிலிருந்து சிரிப்பு எதுவும் கேட்கவில்லை.

பெரியவள் எல்லாவற்றையும் சொன்னாள். காகிதப் பட்டை, ஒரு வெட்டு, இரண்டு, நான்கு. கழுவுதொட்டி. தண்ணீர். அஞ்சலக வரிசை. போன வருடம் காய்ச்சலில் போன அத்தையின் அக்கா மகளும் அதே ஆரஞ்சு மருந்துதான் குடித்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அது எப்படித் தெரியும் என்று கேட்டபோது மட்டும் பேசாமலிருந்தாள்.

அதிகாரியின் பேனா பாதியில் நின்றது.

"தண்ணி கலந்தது... பயந்துபோய்த்தானே செஞ்சே? அப்படித்தானேம்மா?"

"இல்ல மேடம். கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு அவளைத் தோளோடு சாய்த்துக்கொண்டார். "கேளு. குழந்தைக்கு மருந்து குடுத்தது நீ இல்ல. இத நான் எழுதறேன். நீ நம்பறதுக்கு ரொம்ப நாளாகும். பரவால்ல. நான் எழுதறேன்."

மறுநாள் காலையிலேயே மருந்துக்கடையின் ஷட்டருக்குச் சீல் வைத்தார்கள். மாமாவும் அத்தையும் ஜீப்பில் ஏறினார்கள். வெயில் கண்ணில் படுகிறது என்று அத்தை முந்தானையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள்.

பெரியவள் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களின் விடுதிக்குப் போனாள். வரிசையாக இருபது கட்டில். ஜன்னலில் பலகை கிடையாது, வெயில் முழுசாக உள்ளே வந்தது. குழாய் இஷ்டத்துக்குச் சொட்டியது. பிள்ளைகள் சண்டை போட்டார்கள், பாடினார்கள், ஒருத்தி தலையணையை இன்னொருத்தி மேல் எறிந்தாள். ஒரு மாதம் அவள் யாரிடமும் பேசவில்லை. விளக்கிருக்கும் நேரத்திலும் இல்லாத நேரத்திலும் கண்ணை மூட முடியவில்லை.

இரண்டாம் மாதம் காய்ச்சல் கண்டது. வார்டன் அம்மா ஒரு மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் கொண்டு வந்தார்.

"முழுங்கிட்டுப் படு. சாயங்காலத்துக்குள்ள எந்திரிச்சு ஆடுவே."

மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கடியில் உருண்டது.

"ஏண்டி தட்டி விடறே? மருந்து கசக்குமா?" வார்டன் குனிந்து அதைத் தேடாமல் இன்னொன்றை உறையிலிருந்து பிதுக்கினார். "இந்தா. நான் அடுத்தவளப் பாத்துட்டு வரேன். அதுக்குள்ள உள்ள போயிருக்கணும்."

அவர் நகர்ந்ததும் ஸ்பிரிங் கிரீச்சிட்டது. இடது பக்கம் மெத்தை அமுங்கியது.

பெரியவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

வலது பக்கமும் அமுங்கியது. இந்தப் பக்கம் எடை இன்னும் குறைவு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று தெரியும். உள்ளங்கையை விரித்து, மாத்திரையை நடுவில் வைத்து, மடிக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.

"காய்ச்சல் மாத்திரைதான்" என்று மெல்லச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு. வார்டன் அம்மா குடுத்தது. நல்லா பாத்துக்கங்க ரெண்டு பேரும்."

பக்கத்துக் கட்டில் பெண் பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

காற்று இல்லை. கை நடுங்கவும் இல்லை.

உள்ளங்கையில் மாத்திரை தானாக ஒருமுறை புரண்டது. சற்று நேரம் கழித்து, மறு பக்கத்திலிருந்து, இன்னொருமுறை புரண்டது.